ஒரு கிழமை வாழ்ந்த லோகோவும் வெட்டுப்பட்ட லேபிளும்

போன வருசம் கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில சாம்பல் நிற ஹூடி ஒன்று வாங்கினேன். நெஞ்சுப் பக்கம் பெரிசா ஜி, ஏ, பி எண்டு மூன்று எழுத்து. கழுத்துக்குப் பின்னால இருந்த லேபிளைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். "எக்ஸ்போர்ட் சாமான் தம்பி, டமேஜ் ஒண்டும் இல்ல" என்றார் கடைக்காரர். அறைக்கு வந்ததும் நண்பன் கேட்ட முதல் கேள்வி: "ஒறிஜினலோ டூப்போ மச்சான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க இணையத்தில் 'கேப்' லோகோவைத் தேடினேன். சதுரம், அதன் நீலம், அதற்குள் ஒடுங்கி உயர்ந்த வெள்ளை எழுத்துகள், எல்லாம் பொருந்தியது. ஆனால் தேடின இடத்தில் வேறொரு கதை அகப்பட்டது. 2010 ஒக்டோபரில் இந்தக் கொம்பனி தன் லோகோவை மாற்றியிருக்கிறது. சனம் கொதித்தெழுந்திருக்கிறது. ஒரு கிழமைக்குள்ளேயே கொம்பனி பழைய லோகோவுக்குத் திரும்பி ஓடியிருக்கிறது. அப்ப நான் ஐஞ்சாம் வகுப்புக்கும் வரவில்லை, எங்கட வீட்டில் இணையமும் இல்லை. ஆகவே அந்தக் கொதிப்பை இப்பதான் வாசித்தேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது. பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

இடைவெளிக்குப் பெயர் வைத்தவர்கள்

1969 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் அவெனியூவில் டொனால்ட் ஃபிஷர், டொறிஸ் ஃபிஷர் என்ற தம்பதி ஒரு கடை திறந்தார்கள். டொனால்ட் காணி, கட்டடத் தொழில் செய்தவர். தன் அளவுக்குச் சரியான ஜீன்ஸ் கடைகளில் அகப்படாத எரிச்சலில்தான் இந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். கடையில் லீவைஸ் ஜீன்ஸ்களை எல்லா அளவிலும் அடுக்கினார்கள். இளம் ஆட்களை உள்ளே இழுக்க இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் விற்றார்கள். பெயர் வைத்தது டொறிஸ். அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட 'தலைமுறை இடைவெளி' என்ற சொல்லிலிருந்து 'இடைவெளி'யை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்கள், நீள முடி, தகப்பனோடு கதைக்காத பிள்ளைகள் என்று அமெரிக்கா இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது. அந்தப் பிளவின் பெயரைக் கடைப் பலகையில் எழுதி இளம் ஆட்களுக்கு ஜீன்ஸ் விற்றவர்களோ நாற்பது வயதை ஒட்டிய ஒரு தம்பதி. ஒரு தலைமுறையின் கோபத்தை உடுப்பாக்கி அதே தலைமுறைக்கு விற்கலாம் என்பது அவர்களுக்கு அப்பவே விளங்கியிருக்கிறது.

இந்தக் கடையின் முதல் லோகோ நீலச் சதுரம் இல்லை. சிறிய எழுத்தில் 'த கேப்' என்று எழுதிய, எழுபதுகளின் சாயல் கொண்ட ஒரு லோகோ. 1983இல் மிக்கி ட்ரெக்ஸ்லர் தலைவராக வந்தபிறகு கடையின் முகமே மாறியது. மற்றவர்களின் ஜீன்ஸை விற்கிற கடை, தன் சொந்தப் பெயரில் உடுப்பு விற்கிற கடையானது. 1991இல் லீவைஸ் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். நீலச் சதுரம் வந்தது இந்த மாற்றத்தின் நடுவில், எண்பதுகளின் பிற்பாதியில். பழைய லோகோ போனதுக்காக ஆரும் தெருவில் இறங்கினதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. 2010இல் 'எங்கட பாரம்பரியத்தை அழிக்காதே' என்று சனம் காப்பாற்றிய அந்த நீலச் சதுரமும் ஒரு காலத்தில் புதுசாக வந்து பழையதைத் தள்ளிவிட்ட ஒன்றுதான்.

தொண்ணூறுகள் கேப்பின் பொற்காலம். 1996இல் ஷரோன் ஸ்டோன் ஒஸ்கார் விழாவுக்கு கேப்பின் சாதாரண மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். 1998இல் காக்கிக் காற்சட்டை போட்ட இளம் ஆட்கள் ஆடுகிற அவர்களுடைய தொலைக்காட்சி விளம்பரம் பெரிய பேச்சானது. பணக்காரரும் சாதாரண ஆளும் ஒரே ரீசேர்ட்டைப் போடலாம் என்ற எண்ணத்தை அவர்கள் வித்தார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு அமெரிக்கப் பிள்ளைக்கு அந்த நீலச் சதுரம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தின் வாசம் மாதிரி இருந்திருக்கும். எங்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உடுப்பெடுத்த கடையின் பை நினைவிருக்கிற மாதிரி.

பிறகு இறக்கம். 2002இல் ட்ரெக்ஸ்லர் வெளியேறினார். சாரா, எச்-அன்ட்-எம் போன்றவர்கள் புது மாதிரிகளை ஒரு சில கிழமைகளில் கடைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 2008இல் சாராவின் தாய் நிறுவனமான ஸ்பெயினின் இன்டிடெக்ஸ், உலகின் மிகப் பெரிய உடுப்பு வியாபாரி என்ற இடத்தை கேப்பிடமிருந்து பறித்தது. அந்த வருசமே பொருளாதார நெருக்கடியும் வந்தது. 2009 செப்டெம்பரில் டொனால்ட் ஃபிஷர் இறந்துபோனார். லோகோவை மாற்ற நினைத்தவர்கள் நின்ற இடம் இதுதான். வியாபாரம் படுத்தால் சில பேர் கடைக்கு வெள்ளையடிப்பார்கள், சில பேர் பெயர்ப்பலகையை மாத்துவார்கள். இது ரெண்டாவது வகை.

அந்தக் கிழமை

2010 ஒக்டோபர் 4, திங்கட்கிழமை. ஒரு அறிவிப்பும் இல்லாமல் கேப்பின் இணையத்தளத்தில் புது லோகோ வந்தது. வெள்ளைப் பின்னணியில் ஹெல்வெற்றிக்கா எழுத்துருவில் தடித்த கறுப்பு எழுத்துகள். கடைசி எழுத்தின் மேல் மூலையில், அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி, சின்ன நீலச் சதுரம். நியூயோர்க்கின் லெயர்ட் அன்ட் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் செய்தது.

ஹெல்வெற்றிக்கா கெட்ட எழுத்துரு இல்லை. 1957இல் சுவிற்சர்லாந்தில் மக்ஸ் மீடிங்கர் வரைந்தது. விமான நிலையப் பலகைகள், வரிப் படிவங்கள் எல்லாவற்றிலும் இருப்பது. பிரச்சினையே அதுதான். எங்கும் இருக்கிற ஒன்றை எடுத்து 'இது நான்' என்று சொன்னால் ஆர் நம்புவார்கள்? கணினியில் ஐந்து நிமிடத்தில் அடித்த மாதிரி இருக்கிறது என்பதுதான் வடிவமைப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு.

அதுக்குப் பிறகு நடந்தது ஒரு திருவிழா. பேஸ்புக்கில் ஆயிரக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. ட்விட்டரில் புது லோகோவின் பெயரிலேயே ஒரு கேலிக் கணக்குத் தொடங்கி, அந்த லோகோ தானே அழுது புலம்புகிற மாதிரி எழுதினார்கள். உங்கட பெயரைப் போட்டால் அதே பாணியில் ஒரு மட்டமான லோகோ செய்து தருகிற தளம் ஒன்றும் வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் அதில் விளையாடினார்கள். இப்ப நாங்கள் மீம் என்று சொல்லுகிற விசயம் அன்று இவ்வளவு பழகியிருக்கவில்லை. ஒரு கொம்பனியின் முகத்தை எடுத்து ஆயிரம் பேர் ஒரே நாளில் கிழித்து ஒட்டலாம் என்பது பலருக்குப் புதுசு.

இரண்டு நாளில் கொம்பனி ஒரு தந்திரம் செய்தது. 'உங்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கிறது, சந்தோசம். நீங்களே உங்கட வடிவமைப்புகளை அனுப்புங்கள்' என்ற பொருளில் பேஸ்புக்கில் எழுதினார்கள். 7ஆம் தேதி கேப்பின் வட அமெரிக்கத் தலைவர் மார்க்கா ஹான்சன் ஹஃபிங்டன் போஸ்டில் ஒரு கட்டுரை எழுதினார். புது லோகோ இந்தக் காலத்துக்கு ஏற்றது, நீலச் சதுரத்தை வைத்திருப்பதால் பாரம்பரியமும் போகவில்லை என்பது அவருடைய வாதம்.

நெருப்பில் எண்ணெய் ஊற்றியது இந்த 'நீங்களே அனுப்புங்கள்' தான். இதை நான் நல்லா விளங்கிக்கொள்வேன். கம்பஸில் எந்தச் சங்கம் நிகழ்வு வைத்தாலும் போஸ்டர் அடிக்கிற பெடியன் நான். "மச்சான், ஒரு அரை மணித்தியால வேலைதானே" என்று சொல்லி மூன்று இரவு பறிப்பார்கள். மண்டபத்துக்குக் காசு, சவுண்டுக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. போஸ்டருக்கு மட்டும் 'நன்றி' என்று ஒரு வரி, அதிலயும் பெயர் பிழையா இருக்கும். உலகம் முழுக்கக் கடை வைத்திருக்கிற கொம்பனி ஒன்று, நிறுவனத்துக்குக் காசு கொடுத்துச் செய்வித்தது பிழைத்துப் போனதும் 'ஓசியில ஆராவது செய்து தாங்கோ' என்று கேட்டபோது வடிவமைப்பாளர்களுக்கு வந்த கோபம் ஒரு தொழிலாளியின் கோபம். அந்தக் கிழமை முழுவதிலும் எனக்கு மிக நியாயமாகப் பட்ட கோபம் அதுதான்.

ஒக்டோபர் 11, திங்கள் இரவு. கேப் தோல்வியை ஒப்புக்கொண்டது. நீலச் சதுரம் திரும்பி வந்தது. நாங்கள் இதைச் சரியான வழியில் செய்யவில்லை, இணையச் சமூகத்தோடு கதைக்கிற வாய்ப்பைத் தவறவிட்டோம் என்ற பொருளில் ஹான்சன் அறிக்கை விட்டார். அடுத்த வருசம் பெப்ரவரியில் அவர் கொம்பனியை விட்டுப் போனார்.

'மக்கள் வென்றார்கள்' என்ற கதை

சந்தைப்படுத்தல் படிக்கிற ஆட்களைக் கேட்டால் இந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1985 ஏப்ரலில் கொக்கா கோலா தன் சுவையை மாற்றி, சனத்தின் எதிர்ப்பால் 79 நாளில் பழைய சுவைக்குத் திரும்பியது. 2009 தொடக்கத்தில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றின் பெட்டியை மாற்றி, விற்பனை ஏறத்தாழ 20 வீதம் விழுந்ததும் பழைய பெட்டிக்குத் திரும்பியது. 2010இல் கேப் ஒரு கிழமையில். முடிவுரை எப்பவும் ஒன்றுதான்: பிராண்ட் கொம்பனிக்குச் சொந்தமில்லை, மக்களுக்குச் சொந்தம்.

ஆனால் இந்த மூன்றும் ஒன்றில்லை. கோக்கில் வாய்க்கு ருசி மாறியது. ட்ரொப்பிக்கானாவில் கடைத் தட்டில் பெட்டியை அடையாளம் காண முடியாமல் ஆட்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். கேப்பில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. கடை வாசல் பலகைகள் மாறவில்லை. ஜீன்ஸ் மாறவில்லை, விலை மாறவில்லை. மாறினது இணையத்தளத்தில் ஒரு படம் மட்டும். விற்பனை விழுவதற்கு நேரமும் இருக்கவில்லை.

அதைவிட முக்கியம், அந்த 'மக்கள்' ஆர்? அந்தச் சலசலப்புக்குப் பிறகு விளம்பரத்துறைச் சஞ்சிகையான அட் ஏஜ் வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பின்படி அமெரிக்கர்களில் மிகப் பெரும்பான்மையானோருக்கு லோகோ மாறினதே தெரியாது. கேப்பில் உடுப்பு வாங்குகிற தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கோபப்பட்டது வடிவமைப்பாளர்கள், விளம்பரத்துறை ஆட்கள், இணையத்தில் முழுநாளும் இருக்கிற ஒரு வட்டம். அவர்களுடைய கோபம் பொய்யில்லை. ஆனால் ஒரு வட்டத்தின் குரல் எல்லாருடைய குரலாகக் கேட்கத் தொடங்கின காலம் அது. இப்ப நாங்களும் பேஸ்புக்கில் நாலு பேர் கத்தினால் 'ஊரே கொதிக்குது' என்று தலைப்புப் போடுகிறோம். அந்தப் பழக்கத்தின் ஆரம்ப நாட்களில் இந்தக் கிழமையும் ஒன்று என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து

இந்தக் கட்டுரையை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் 2010 என்ற வருசத்தை கேப் என்ற பெயரோடு சேர்த்துத் தேடினால் இன்னொரு செய்தியும் வரும்.

2010 டிசெம்பர் 14. வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே அஷுலியாவில் 'தட்ஸ் இற் ஸ்போர்ட்ஸ்வெயார்' என்ற ஆடைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளில் தீப்பிடித்தது. குறைந்தது 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலே அகப்பட்டுக் கீழே குதித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தத் தொழிற்சாலை உடுப்புத் தைத்துக் கொடுத்த கொம்பனிகளில் கேப்பும் ஒன்று.

லோகோ திரும்பி வந்து சரியாக அறுபத்து நாலு நாள். தொழிலாளர் அமைப்புகள் போராடின, பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஒக்டோபர் மாதத்துக் கேலித் திருவிழா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

"எழுத்துருவைப் பற்றிக் கோபப்பட்டவனிடம் தீயைப் பற்றிக் கேட்பது நியாயமா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுதி முடித்ததை வாசித்த நண்பனும் அதையேதான் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு ஆளின் கோபத்துக்கு எல்லை இருக்கிறது. லோகோ எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் இருக்கிறது, தொழிற்சாலை தெரியாத மாதிரி பின்னால் இருக்கிறது. அது வடிவமைப்பாளர்களின் குற்றமில்லை.

நான் கேட்பது கொம்பனியைப் பற்றி. ஒரு கிழமையில் பணிந்துபோன அதே கொம்பனி மற்ற விசயத்தில் எவ்வளவு காலம் எடுத்தது? அஷுலியாத் தீக்குப் பிறகு, தொழிலாளர் அமைப்புகள் கேட்ட, சட்டப்படி கட்டுப்படுத்துகிற பாதுகாப்பு உடன்படிக்கையில் கேப் சேரவில்லை. 2012இல் தன் சொந்தத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 200க்கு மேற்பட்ட கொம்பனிகள் கையெழுத்திட்ட 'அக்கோர்ட்' உடன்படிக்கையிலும் கேப் கையெழுத்திடவில்லை. வோல்மார்ட் போன்ற வட அமெரிக்கக் கொம்பனிகளோடு சேர்ந்து 'அலையன்ஸ்' என்ற வேறொரு அமைப்பைத் தொடங்கியது. அலையன்ஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை, அவர்களும் தொழிற்சாலைகளைப் பரிசோதித்தார்கள். ஆனால் தொழிற்சங்கங்களுக்குச் சம இடம் கொடுத்த, நீதிமன்றம் வரை கொண்டுபோகக்கூடிய ஒரு கடதாசியில் தன் பெயரை எழுத கேப் சம்மதிக்கவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. லோகோவைத் திருப்பி மாற்றுவதற்குச் செலவு கொஞ்சம், புகழ் கூட. 'நாங்கள் உங்களுக்குக் காது கொடுத்தோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். கதவைத் திறந்து வைப்பதற்கும் இரும்புப் படிக்கட்டுக் கட்டுவதற்கும் உண்மையான செலவு உண்டு, அந்தச் செலவு ஒவ்வொரு ரீசேர்ட்டின் விலையிலும் வந்து நிற்கும். கொம்பனிக்குக் காது இருக்கிறதுதான். ஆனால் மலிவாகத் தீர்க்கக்கூடிய கோபம் அந்தக் காதுக்கு முதலில் கேட்கிறது. 'மக்கள் வென்றார்கள்' என்ற கதையில் எனக்கிருக்கிற பிரச்சினை இதுதான். மக்கள் வென்றது, தோற்பதால் கொம்பனிக்கு ஒன்றும் குறையாத ஒரு போட்டியில்.

ஹூடிக்குத் திரும்பி வந்தால்

கேப் வெளியிடுகிற தொழிற்சாலைப் பட்டியலில் இலங்கைத் தொழிற்சாலைகளும் உண்டு. ஆகவே என்ர ஹூடி ஒறிஜினலாகவே இருக்கலாம். எங்கேயோ ஒரு லைனில் எங்கட ஆட்களே தைத்து, தையல் ஒரு நூல் கோணலாகப் போனதால் ஒதுக்கி, லேபிளை வெட்டி, புறக்கோட்டைக்கு வந்திருக்கலாம். கடலுக்கு அப்பால் அந்த மூன்று எழுத்துக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். இங்க அந்தப் பெயரை வெட்டினால்தான் எங்களுக்கு வித்துக்கொள்ளலாம்.

என் மச்சாள் ஒருத்தி ஆறு வருசம் ஒரு காமன்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவ. பல வெளிநாட்டுப் பெயர்களுக்குத் தைத்தவ. இந்தக் கதையை அவவுக்குச் சொல்லி, "லோகோ மாறினால் உங்களுக்குத் தெரியவருமோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தந்தது கைப்பக்கம் மூட்டுறது. மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு டார்கெட். முன்பக்கத்தில என்ன எழுதியிருக்கு எண்டு பாக்க ஆருக்கு நேரம்?" என்றா. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "பையர் வாற நாள் மட்டும் தெரியும். அண்டைக்குத்தான் கக்கூசில சவுக்காரம் இருக்கும், பின்கதவும் திறந்து கிடக்கும்."

ஹூடியை இப்பவும் போடுகிறேன். நல்ல துணி, ஒரு மழைக்காலம் தாங்கிவிட்டது. நண்பனுடைய கேள்விக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் ஆராவது நெஞ்சில் இருக்கிற எழுத்தைப் பார்த்து "ஒறிஜினலோ?" என்று கேட்டால், மச்சாள் சொன்ன அந்தப் பின்கதவுதான் ஞாபகத்துக்கு வருகிறது.